கெமிஸ்ட் தாத்தாவும் தஞ்சைப் பண்டிதரும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே அமைந்த சிற்றூர் செவ்வாப்பேட்டை. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடிய தடம் இது. இன்றோ இப்பகுதியின் பொழுதுகளைத் தீர்மானிப்பவை ஆலைகளின் ஷிப்ட் நேரங்களே. காக்களூர், அம்பத்தூர், மணலி, கும்மிடிப்பூண்டி என நாற்புறமும் தொழிற்பேட்டைகள். ஆதலால் 'கெமிஸ்ட்' என்னும் சொல் இங்கே இரு பொருளில் வழங்குகிறது. மருந்துக் கடைக்காரரும் கெமிஸ்ட். ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவரும் கெமிஸ்ட்.

நம் தெருவில் இரண்டாம் வகைக் கெமிஸ்ட் ஒருவர் வாழ்ந்தார். பெயர் வேண்டியதில்லை, தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் 'கெமிஸ்ட் தாத்தா'. வாரத்தில் ஆறு நாள் பியூரெட்டும் பிப்பெட்டுமாகக் கழிந்த வாழ்க்கை. ஞாயிறு காலை மட்டும் வெள்ளை வேட்டி சட்டையுடன் ஆலயத்தில் பாடற்குழுவின் முதல் வரிசையில் நிற்பார். ஓய்வு பெற்றபின் அவருடைய உலகம் பேரப்பிள்ளைகளே. அவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், மாலையில் திண்ணையில் அமர்த்திக் கீர்த்தனைகளைத் தாளம் போட்டுச் சொல்லிக் கொடுப்பதும் அவருடைய நாள்முறை. அவரிடம் தடித்த அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. முன்பக்கத்திலிருந்து தொடங்கினால் வீட்டு மருந்துகளின் அளவுக் குறிப்புகள். பின்பக்கத்திலிருந்து தொடங்கினால் கீர்த்தனைகளின் இராகமும் தாளமும்.

அவர் மறைந்த சில மாதங்களில் வீடு மாற்றினார்கள். பழைய தாள்களோடு அந்தப் புத்தகமும் எடைக்குப் போய்விட்டது. அவருடைய பேரன் நம்மிடம் தமிழ் பயின்ற மாணவன். பின்னொரு நாள் வகுப்பு முடிந்து வந்து, "ஐயா, தாத்தா எங்களுக்கு என்னதான் விட்டுட்டுப் போனாரு? போட்டோ ஒண்ணுதான் இருக்குது" என்றான். நமக்கு அப்போது விடை கூற இயலவில்லை. ஆனால் அக்கேள்வி, மருந்தும் இசையும் ஆலயமும் ஒரே வீட்டில் வாழ்ந்த மற்றொரு பெரியவரை நினைவுக்குக் கொண்டுவந்தது. அவரும் மருந்து செய்தவர், கிறித்துவர், பெருங்குடும்பத்தின் தலைவர், அளவுகளை எழுதி வைத்தவர். அவர் எழுதியது எடைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்தாம் தஞ்சை இராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர்.

சாம்பவர் வடகரை முதல் தஞ்சை வரை

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் பிறந்தார். தந்தை முத்துசாமி நாடார், தாய் அன்னம்மாள். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் வயலின் கற்றார் என்பது அவர் வரலாற்றில் இன்றியமையாத செய்தி. பிற்காலத்தில் சுருதிகளைக் கணக்கிட்டவர், அதற்கு முன்பே அவற்றைத் தம் விரலாலும் செவியாலும் அறிந்திருந்தார்.

மூலிகையில் அவருக்கு இளமையிலேயே நாட்டமிருந்தது. அந்நாட்டம் அவரைக் கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிமலைக்கு இட்டுச் சென்றது. அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரிடம் மருத்துவ முறைகளைக் கற்றுக்கொண்டார். தம் வாழ்நாள் முழுவதும் அவரையே குருவாகப் போற்றினார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள், கருணானந்தபுரம், கருணாமிர்த சாகரம் எனத் தாம் உருவாக்கிய அனைத்துக்கும் 'கருணை' என்னும் சொல் அமையப் பெயரிட்டதைக் கொண்டே அப்பற்றின் ஆழத்தை உணரலாம்.

ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தபின், 1880களின் முற்பகுதியில் பண்டிதர் தஞ்சையில் குடியேறினார். கணவன் மனைவி இருவரும் அங்கிருந்த லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியர்களாகப் பணிபுரிந்தனர். மாலைப் பொழுதுகளில் மருந்து செய்வார், நோயாளிகளைப் பார்ப்பார். வருவோர் தொகை பெருகவே, 1890ஆம் ஆண்டு ஆசிரியப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார்.

அவர் தேர்ந்த ஊரைப் பற்றியும் ஒரு சொல். மருந்தும் இசையும் கிறித்துவமும் ஒருங்கே வேரூன்றிய நகரம் தஞ்சை. மறைபணியாளர் சுவார்ட்ஸ் வாழ்ந்த ஊர் அது. அவருடைய மாணவரான வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), கிறித்துவக் கருத்துகளைத் தமிழ்ப் பண் மரபில் பாடிப் பரப்பியதும் அங்கேதான். சுவார்ட்சின் மற்றொரு மாணவரான இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக் காலம் 1798–1832) தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவி, சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு ஆராயச் செய்தார். பண்டிதர் தஞ்சைக்கு வந்தபோது இம்மரபுகளின் நினைவு அங்கே மங்காமல் இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

மருந்து ஈட்டிய பொருள்

கோரோசனை மாத்திரை உள்ளிட்ட பண்டிதரின் மருந்துகள் தமிழகத்தில் மட்டுமன்றி இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விலைபோயின. கருணாநிதி வைத்தியசாலை பெருநிறுவனமாக வளர்ந்தது. ஈட்டிய பொருளில் தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி வேளாண்மை செய்தார். கருணானந்தபுரம் என அவர் பெயரிட்ட அந்நிலத்தை ஊரார் 'பண்டிதர் தோட்டம்' என்றே அழைத்தனர். மூலிகையோடு கரும்பும் பிற பயிர்களும் விளைந்தன. புதிய வேளாண் முறைகள் சோதிக்கப்பட்டன. 1909ஆம் ஆண்டு ஆங்கில அரசு அவருக்கு இராவ் சாகிப் பட்டம் அளித்தது. 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் லாலியின் பெயரால் அச்சகம் ஒன்றையும் நிறுவினார்.

மருந்து விற்ற பொருள் பண்பாட்டுப் பணிக்குப் பயன்பட்டதற்கு அக்காலத்தில் வேறு சான்றும் உண்டு. 1893இல் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவர ராவ், அதன் வருவாயைக் கொண்டு 1908இல் 'ஆந்திர பத்திரிகை'யைத் தொடங்கினார். தெலுங்கு இதழியலுக்குத் தைலம் செய்த உதவியைத் தமிழிசை ஆராய்ச்சிக்கு மாத்திரை செய்தது எனலாம். அரசரின் ஆதரவோ, மடத்தின் மானியமோ, பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையோ இன்றி, ஒரு தனிமனிதர் தம் தொழில் வருவாயைச் செலவிட்டு மாநாடுகள் கூட்டி, ஆய்வு நடத்தி, அச்சகம் வைத்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை வெளியிட்டார். இதில் வியக்கத்தக்க செய்தி செலவு மட்டுமன்று. எவரிடமும் கைநீட்டாதவராகையால், எவருடைய விருப்பத்துக்காகவும் தம் முடிவை மாற்ற வேண்டிய நிலை அவருக்கு நேரவில்லை.

நிறுத்துப் பார்க்கும் பழக்கம்

பண்டிதரை இசையறிஞர் என்றே இன்று தமிழுலகம் அறிகிறது. மருத்துவம் அவருடைய தொழில், இசை அவருடைய ஆர்வம் என இரண்டையும் பிரித்துக் கூறுவது வழக்கம். நம் எண்ணம் சற்று வேறானது. அவருடைய இசை ஆராய்ச்சியின் தன்மை மருந்து செய்பவரின் தன்மையே ஆகும்.

சித்த மருத்துவத்தில் பற்பமும் செந்தூரமும் செய்யும் முறையை அறிந்தோர்க்கு இது விளங்கும். எந்தச் சரக்கு எத்தனை எடை, எத்தனை சாமம் அரைக்க வேண்டும், எத்தனை எருவில் புடமிட வேண்டும் என்பவை யாவும் அளவுக்குட்பட்டவை. அளவு தவறினால் மருந்தே நஞ்சாகும். அத்துடன், பாடலில் மறைபொருளாகச் சொல்லப்பட்ட அளவை உரையாலும் செய்முறையாலும் தெளிந்துகொள்ளும் பயிற்சியும் அத்தொழிலுக்கு வேண்டும். சித்தர் பாடல்களில் வரும் பரிபாஷைச் சொற்களை உள்ளவாறே பொருள்கொண்டால் மருந்து அமையாது. நூலில் உள்ளதைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். நூலுக்கும் நிறைக்கும் முரண் நேரின், எங்கே ஒரு சொல் மறைந்திருக்கிறது எனத் தேட வேண்டும்.

இப்பழக்கம் உடைய ஒருவர் கையில் சிலப்பதிகாரம் கிடைத்தால் என்ன நிகழும்? உ.வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையுடனும் அடியார்க்குநல்லார் உரையுடனும் பதிப்பித்தார். தமிழ் கற்றோர் பலரும் அந்நூலைக் காப்பியமாகப் போற்றினர். அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் வரும் இசைக் கணக்குகளோ பெரும்பாலோர்க்குப் புலப்படாமலே கிடந்தன. பண்டிதர் அக்கணக்குகளைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தார்.

இருபத்திரண்டா, இருபத்துநான்கா?

இங்கே சற்றுப் பொறுமையுடன் கணக்கைக் காண்போம். கடினமான கணக்கன்று.

ஓர் இயக்கில், அதாவது 'ச' முதல் மேல் 'ச' வரையிலான இடைவெளியில், இருபத்திரண்டு சுருதிகள் உண்டு என்பது பரதரின் நாட்டிய சாத்திரமும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரமும் கூறும் கொள்கை. சிலப்பதிகார உரைகளிலும் ஏழிசைக்குரிய மாத்திரைகள் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்றே காணப்படுகின்றன. கூட்டினால் 22. ஆகவே வடநூலும் தமிழ்நூலும் ஒன்றே கூறுகின்றன என்று பலரும் கருதினர்.

பண்டிதர் இவ்விடத்தில் நின்றார். வட்டப்பாலை என்னும் அமைப்பில், இசை நரம்புகள் பன்னிரண்டு இராசிகளில் வைத்துக் காட்டப்படுகின்றன. பன்னிரண்டு வீடும் சமமானவை. ஒரு வீட்டுக்கு இரண்டு அலகு என்றால் மொத்தம் இருபத்துநான்கு ஆக வேண்டும். பின்னர் இருபத்திரண்டு எவ்வாறு வந்தது? கைக்கிளையும் விளரியும் நான்கு அலகு பெறவேண்டியவை. குறித்த முறையில் பாடும்போது அவற்றில் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடும் மரபு உண்டு. அக்குறைவே இருபத்திரண்டு என்னும் எண்ணாக எஞ்சியது என்பது அவருடைய முடிவு. கைக்கிளைக்கும் விளரிக்கும் குறைந்த அலகைத் திரும்பக் கொடுத்தால் 4, 4, 4, 2, 4, 4, 2 என்று வரிசை அமைகிறது. கூட்டினால் 24. முழு இடைவெளிக்கு நான்கு அலகு, அரை இடைவெளிக்கு இரண்டு அலகு என ஒழுங்கும் தோன்றுகிறது.

பன்னிரண்டாகப் பகுப்பது ஆயப்பாலை; இருபத்துநான்காகப் பகுப்பது வட்டப்பாலை; நாற்பத்தெட்டாகப் பகுப்பது திரிகோணப்பாலை; தொண்ணூற்றாறாகப் பகுப்பது சதுரப்பாலை என அவர் விரித்துரைத்தார். ஒவ்வொரு பகுப்புக்கும் உரிய அதிர்வெண்களையும் தந்தியின் நீளங்களையும் பல தசம இடங்கள் வரை கணக்கிட்டு அட்டவணைகளாக அச்சிட்டார். கணிப்பொறியோ கணக்குப்பொறியோ கைக்கு எட்டாத காலம் அது என்பதை நினைவிற் கொள்க.

இதனை நாமே எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். 'ச'வுக்கும் 'ப'வுக்கும் உரிய இயல்பான விகிதம் 1.5. இயக்கை 22 சம பங்காக்கினால் பஞ்சமம் பதின்மூன்றாம் இடத்தில் 1.506 என்ற அளவில் நிற்கும். 24 சம பங்காக்கினால் பதினான்காம் இடத்தில் 1.498 என்ற அளவில் நிற்கும். இரண்டாவதே இயல்பான பஞ்சமத்துக்கு நெருக்கமானது. இருபத்திரண்டு சுருதிகளும் சமமானவை என்று கொண்டால் பஞ்சமமே பிசகும் என்று அவர் வாதிட்டதன் உட்கருத்து இதுவே.

அவர் கூறிய யாவும் மறுப்பின்றி ஏற்கப்பட்டன என்று கூறுவது வரலாறாகாது. இருபத்திரண்டு சுருதிகளும் சமமானவை என்று பழைய நூல்களுக்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை என்போர் அன்றும் இருந்தனர்; இன்றும் உள்ளனர். தேவல், கிளமண்ட்ஸ் முதலியோர் வெவ்வேறு அளவுள்ள இருபத்திரண்டு சுருதிகளை விகிதக் கணக்கால் நிறுவ முயன்றனர். பாடகரின் மிடறு சமபங்கீட்டின்படி நிற்பதில்லை. கமகத்தில் சுரம் அசைந்துகொண்டே இருக்கிறது என்பதும் வலுவான மறுப்பே. எனினும் ஒன்றை மறுக்க இயலாது. தமிழ் நூல்களுக்குள் தனியானதோர் இசையிலக்கணம் இருக்கிறது, அதனைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே கணக்கிட்டு விளக்கலாம் என்பதை இத்துணை விரிவாக எடுத்துக்காட்டிய முதல் நூல் அவருடையதே. அவரை மறுப்போரும் அவர் அமைத்த களத்தில் நின்றே மறுக்க வேண்டியவராயினர்.

மாநாடுகளும் பரோடாப் பயணமும்

தம் முடிவுகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பண்டிதர் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார். அவ்வாண்டு மே 27ஆம் நாள் அதன் முதல் மாநாடு கூடியது. தொடர்ந்து பல மாநாடுகள் நடைபெற்றன. வித்துவான்களும் இசையறிஞர்களும் தஞ்சைக்கு வந்தனர். சுருதி பற்றிய வாதங்கள் நிகழ்ந்தன. பண்டிதரின் கருத்தை ஏற்றோரும் எதிர்த்தோரும் ஒரே அவையில் அமர்ந்தனர். சென்னையில் மியூசிக் அகாதெமி தோன்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட நிகழ்ச்சிகள் இவை.

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பரோடாவில் மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. அதன் பின்னணியில் நின்று உழைத்தவர் பாத்கண்டே. அம்மாநாட்டுக்குப் பண்டிதர் தம் மக்கள் மரகதவல்லி, கனகவல்லி இருவரையும் அழைத்துச் சென்றார். தந்தை கொள்கையை எடுத்துரைக்க, மகளிர் வீணையில் அதனை இசைத்துக் காட்டினர்.

இக்காட்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டு 1916. கௌரவமான குடும்பப் பெண்கள் அவையேறி இசைப்பதே இழுக்கெனக் கருதப்பட்ட காலம். பரம்பரை வித்துவான்களும் சமஸ்தான அறிஞர்களும் நிறைந்த அவை. அங்கே தென்கோடியில் பிறந்த நாடார் குலத்துக் கிறித்துவர் ஒருவர், மருந்து விற்பவர், இசைத்தொழிற் பரம்பரை எதையும் சாராதவர், தம் பெண்மக்களை வீணையுடன் அமர்த்தித் தம் கணக்குக்குச் சான்று காட்டுகிறார். அவருடைய தேற்றத்தை ஏற்றாலும் தள்ளினாலும் அந்தத் துணிவு வணங்கத்தக்கது.

மறுஆண்டு, 1917இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. தமிழிசையின் தொன்மை, இருபத்திரண்டு சுருதிக் கொள்கை பற்றிய ஆய்வு, பழந்தமிழர் வழங்கிய சுருதிமுறை, யாழ் என நான்கு பாகங்களாக அந்நூல் அமைந்தது.

ஆலயமும் குருவும்

பண்டிதர் உறுதியான கிறித்துவர். தம் இறைப்பற்றைப் பாடல்களாகவும் வெளியிட்டார். 1907இல் வெளியான கருணாமிர்த சாகரத் திரட்டில் அவர் இயற்றிய பாடல்கள் இசைக் குறிப்புகளுடன் தொகுக்கப்பட்டன. இசை கற்பிப்பதற்குத் தமிழில் பாடல்கள் வேண்டும் என்னும் நோக்கமும் அத்தொகுப்பில் இருந்தது. பிற்காலத் தமிழிசை இயக்கத்தின் கோரிக்கை அதுவேயன்றோ!

அவருடைய மருத்துவ குருவோ மலையில் வாழ்ந்த முனிவர். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் செல்லும் ஒருவர், தம் நிறுவனத்துக்கும் நிலத்துக்கும் நூலுக்கும் அம்முனிவரின் நினைவாகப் பெயரிடுகிறார். இதில் முரண் இருப்பதாக அவர் கருதியதாகத் தெரியவில்லை. கற்றுக்கொடுத்தவருக்கு நன்றி பாராட்டுவது அவருக்குச் சமயத்தின் பகுதியாகவே இருந்திருக்க வேண்டும். சமண முனிவரெனக் கருதப்படும் இளங்கோவின் காப்பியத்தை, சைவரான உ.வே.சா. பதிப்பிக்க, கிறித்துவரான பண்டிதர் அதன் இசையை ஆராய்ந்தார் என்பது தமிழ் கற்போர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

எங்கள் ஊருக்கு மிக அண்மையில் உள்ளது திருநின்றவூர். பொருளின்றிக் கோயில் எழுப்ப இயலாமையால் மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் கட்டிக் குடமுழுக்கு நாளும் குறித்த பூசலார் நாயனாரின் ஊர் அது. வகுப்பில் பெரியபுராணம் நடத்தும்போதெல்லாம் நமக்குப் பண்டிதர் நினைவு வரும். பல்லாண்டுகள் மனத்துக்குள்ளே கணக்கிட்டுக் கட்டிய ஒன்றை அவர் புறத்திலும் எழுப்பினார். அதற்கு வேண்டிய கல்லையும் மரத்தையும் மாத்திரை விற்றுச் சேர்த்தார்.

வீட்டார் காத்த செல்வம்

1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அறுபது வயது நிரம்பி ஒரு திங்களே ஆகியிருந்தது. முதற்பெருநூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள். இராகங்களைப் பற்றிய அடுத்த தொகுதிக்குரிய எழுத்துகள் அச்சேறாமல் கிடந்தன.

இங்கேதான் நம் தெருவின் கணக்குப் புத்தகமும் தஞ்சையின் கையெழுத்துப் படியும் ஒரே நிலையில் நிற்கின்றன. ஒருவர் மறைந்துவிட்டார், அவர் எழுதியவை தாள்களாக வீட்டில் இருக்கின்றன, வீட்டாருக்கு வேறு கவலைகள் ஆயிரம். தஞ்சையில் அத்தாள்கள் இருபத்தேழு ஆண்டுகள் காக்கப்பட்டன. 1946ஆம் ஆண்டு கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் தொகுதி வெளிவந்தது. அதனை வெளிக்கொணர்ந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் பரோடாவில் வீணை இசைத்த அதே மகள் மரகதவல்லி. பண்டிதரின் மகன் வரகுணபாண்டியன் 1950இல் 'பாணர் கைவழி' என்னும் யாழ் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார்.

மரகதவல்லி ஏன் அத்தாள்களைக் காத்தார்? அவை தந்தையின் கையெழுத்து என்பதனால் மட்டும் என்று நாம் நினைக்கவில்லை. அத்தாள்களில் உள்ளதை அவர் படிக்க வல்லவராயிருந்தார், இசைக்க வல்லவராயிருந்தார். பண்டிதர் தம் மக்களுக்குச் சொத்தோடு தம் கல்வியையும் அளித்திருந்தார். படிக்கத் தெரிந்தவரிடம் இருந்தமையால் அத்தாள்கள் நூலாயின. படிக்க இயலாதவரிடம் இருந்திருந்தால், எத்துணை அன்பு இருந்தும், அவை பழைய தாள்களாகவே எண்ணப்பட்டிருக்கக் கூடும்.

அடுத்து நிகழ்ந்தவற்றை அனைவரும் அறிவர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. 1947இல் விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறியது. அடிகளும் துறவு பூணுமுன் அறிவியல் ஆசிரியராயிருந்தவர் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆய்வுக்கூடத்து அளவுப் பயிற்சி யாழின் நரம்புக்கும் உதவிற்று. பண்டிதர் மூலிகை கற்ற சுருளிமலைக்கு அருகே, கோம்பையில் 1915இல் பிறந்த வீ.ப.கா. சுந்தரம் பின்னாளில் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை நான்கு தொகுதிகளாக இயற்றினார். இவர்களெல்லாம் பண்டிதரின் முடிவுகளை அப்படியே வழிமொழிந்தவர்கள் அல்லர். பல இடங்களில் வேறுபட்டவர்கள். எனினும் அந்தப் பாதையில் முதலில் நடந்தவரின் அடிச்சுவடு அவர்களுக்கு முன்னே இருந்தது. இசையுலகுக்கு அவர் ஒரு பாட்டனார் என்று கூறினால் மிகையாகாது.

மாணவனுக்கு அளித்த விடை

இவ்வளவும் அறிந்த பின்னர் நம் மாணவனை மீண்டும் அழைத்தோம். "உன் தாத்தா உனக்குச் சொல்லிக்கொடுத்த கீர்த்தனைகளில் எத்தனை நினைவிருக்கிறது?" என்று கேட்டோம். அவன் சிறிது தயங்கினான். பின்னர் மூன்று பாடினான். நான்காவதில் சரணம் மறந்துவிட்டது. தாளம் மட்டும் கையில் இருந்தது. பாடப்பாட நாம் எழுதினோம். ஓரிடத்தில் ஆலயத்தில் பாடும் மெட்டுக்கும் அவன் பாடிய மெட்டுக்கும் வேறுபாடு இருப்பதைக் கவனித்துக் கேட்டோம். "தாத்தா இப்படித்தாங்க பாடுவாரு. கோயில்ல பாடுறது தப்புன்னு சொல்லுவாரு" என்றான்.

அவர் கூற்றுச் சரியா, தவறா என்பதை இசை அறிந்தோர் ஆராய வேண்டும். எடைக்குப் போன புத்தகத்தில் அதற்குரிய காரணத்தை அவர் எழுதியிருக்கவும் கூடும். இனி அதனை அறிய வழியில்லை. ஆயினும் அந்த வேறுபாடு ஒரு பேரனின் குரலில் எஞ்சி நிற்கிறது. தாத்தா எதை விட்டுச் சென்றார் என்ற கேள்விக்கு இப்போதைக்கு நம்மிடம் உள்ள விடை இதுவே.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பகுதியில் ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். சிலர் ஆலயத்தில் பாடியவர்கள். சிலர் கோயில் பஜனையில் பாடியவர்கள். சிலர் கூத்துக் கட்டியவர்கள். சிலர் கைமருந்து அறிந்தவர்கள். அவர்கள் இல்லங்களில் கணக்குப் புத்தகங்கள் இருக்கும். அவற்றைக் காப்பது முதற்கடமை. அதனினும் முதன்மையானது, எழுதியவர் உயிருடன் இருக்கும்போதே அருகில் அமர்ந்து, அதில் உள்ளதை அவர் வாயாலேயே கேட்டுக் கற்றுக்கொள்வது. மரகதவல்லி அம்மையார் செய்தது அதுதான். அடுத்த ஞாயிறு அந்த மாணவன் தன் தங்கையையும் அழைத்து வருவதாகக் கூறியிருக்கிறான். மறந்துபோன சரணம் அவளுக்கு நினைவிருக்கிறதாம்.